பழைய ஆஃப்-ரோடு வண்டிக்கு ராக்கர் பேனல் கவசம்: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது

முன் சக்கரம் பாறையில் ஏறி இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் பாறைக்கு வந்து சேரவில்லை, அந்த நடுவில் காலுக்கு அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஒருமுறை கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். கதவுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதிதான் ராக்கர் பேனல். லேண்ட் ரோவர்காரர்கள் இதை 'சில்' (sill) என்பார்கள். வண்டியில் முதலில் அடி வாங்குவதும் அதுதான், முதலில் துருப்பிடிப்பதும் அதுதான். புது வண்டி என்றால் பேனலை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது வருடம் ஆன வண்டிக்கு அந்தப் பேனலைத் தேடி எங்கே போவது? கிடைத்தாலும் அதை நம் வண்டியோடு பொருத்துவதற்குள் டிங்கரிங் செய்பவர் பொறுமை இழந்துவிடுவார்.

அதனால் கவசம் போடலாம் என்று முடிவெடுப்பது சரிதான். ஆனால் பெரும்பாலானவர்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள்: எந்த மாடல் பார்க்க நன்றாக இருக்கும், படி வைத்ததா வைக்காததா, கறுப்பா வெள்ளியா. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. வண்டி பாறை மேல் உட்காரும்போது அந்த எடை எதன் வழியாக எங்கே போகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வாங்க வேண்டியது எது, தள்ள வேண்டியது எது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

வண்டி எந்த வகை?

ஜீப் சி.ஜே. வரிசை, டொயோட்டா எஃப்.ஜே.40, லேண்ட் ரோவர் சீரிஸ், 1966 முதல் 1977 வரை வந்த பழைய ஃபோர்டு பிரோன்கோ, இன்டர்நேஷனல் ஸ்கவுட் எல்லாம் ஏணி மாதிரியான சேசிஸ், அதாவது அடிச்சட்டம், மேல் பாடியைத் தூக்கி வைத்த வண்டிகள். இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ரப்பர் புஷ்கள் இருக்கும். இவற்றில் வண்டியின் முழு எடையும் சேசிஸ் மேல்தான். ராக்கர் பேனல் கதவுத் தூணையும் தரையையும் பிடித்து நிறுத்தும் மெல்லிய தகடு, அவ்வளவுதான். அதை ஒரு டன் எடையோடு பாறை மேல் வைத்தால் மடங்கும், மடங்கினால் தூண் நகரும், தூண் நகர்ந்தால் கதவு சாத்தாது. ஆகவே இந்த வண்டிகளில் உருப்படியான கவசம் சேசிஸிலிருந்துதான் வர வேண்டும்.

1977-இல் வந்த லாடா நிவா, 1984-இல் வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்.ஜே. போன்றவற்றில் கதை வேறு. அங்கே தனிச் சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ராக்கர் பேனலும் அந்த எலும்புக்கூட்டில் ஒரு எலும்பு. அதில் துரு இருந்தால் கவசத்தைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கவசம் போடும்போதும் எடையை ஒரே புள்ளியில் இறக்காமல், அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தோடும் ராக்கரின் கீழ் மடிப்போடும் சேர்த்துப் பிடித்து, நீளமான தகடுகளால் பரப்ப வேண்டும். நான் இங்கே அதிகம் பேசப்போவது முதல் வகையைப் பற்றித்தான், பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அவைதானே.

முதலில் துருவைப் பாருங்கள்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். ஏனென்றால் நான் தாண்டிப் போனேன். என் முதல் ஜீப்பில் ராக்கர் பேனல் கொஞ்சம் கொப்பளித்திருந்தது, பெயின்ட்டுக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். பட்டறையில் கேட்டதற்கு, மேலே புள்ளி போட்ட அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து மூடிவிட்டால் எதுவும் தெரியாது என்றார்கள். உண்மைதான், எதுவும் தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு ரிவெட் கழன்று தகடு ஆட ஆரம்பித்தபோது கழற்றிப் பார்த்தேன். தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அதைப் பெயர்த்தால் பேனலும் சேர்ந்தே அடுக்கடுக்காக உதிர்ந்தது. ரிவெட் இருந்த ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரோ சேற்றுத் தண்ணீரோ இருந்தால் பாட்டரி மாதிரி வேலை நடக்கும், ஒன்று மற்றொன்றைத் தின்னும். அன்றைக்கு நான் வாங்கியது கவசம் என்று நினைத்திருந்தேன், வாங்கியதோ சவப்பெட்டி.

துருவைப் பரிசோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடிப் பக்கத்தால் பேனலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும், பட்டி பூசிய இடமும் அரித்த இடமும் 'டொப்' என்று சொல்லும். டொப் சொன்ன இடத்தில் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். அப்புறம் அடியில் படுத்துக்கொண்டு பேனலின் கீழ் மடிப்பை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்துங்கள், தயங்காமல் குத்துங்கள். துருப்பிடித்த தகடு இன்று உங்கள் கையால் ஓட்டையானால் நல்லது, நாளைக்குப் பாறையில் ஆவதைவிட.

ராக்கர் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். கதவு வழியாக இறங்கும் தண்ணீரும் சக்கரம் அடிக்கும் சேறும் உள்ளே போய்த் தங்கும், வெளியேற அடியில் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும், அவை அடைத்திருக்கும். கம்பியை விட்டு அவற்றைக் குடைந்து எடுங்கள். வெளியே பெயின்ட்டில் குமிழ் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு சேசிஸையும் தட்டிப் பாருங்கள். கவசத்தின் கால்கள் நிற்கப்போவது அங்கேதான். சீரிஸ் லேண்ட் ரோவரில் சேசிஸ் நான்கு தகடுகளைப் பெட்டியாக வெல்டு செய்தது, அதுவும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாடியைத் தாங்கும் கைகள் இருக்கின்றனவே, அவை முதலில் போகும். பாடி அலுமினியம் என்பதால் மேலே பளிச்சென்று இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. கடைசியாகப் பாடி புஷ்கள். ரப்பர் நசுங்கிப்போயிருந்தால் பாடி ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும், அந்த நிலையில் அளவெடுத்துக் கவசம் செய்தால் புஷ் மாற்றிய அன்று எல்லாம் கோணலாகிவிடும். முதலில் புஷ், பிறகு அளவு.

என்னென்ன வகைகள், எது யாருக்கு

சந்தையில் பெயர்கள் நிறைய. எனக்குத் தெரிந்து அடிப்படையில் நான்குதான்.

மெல்லிய ஒட்டுத் தகடுகள்: 1.5 அல்லது 2 மி.மீ. அலுமினியம், மேலே புள்ளி வேலைப்பாடு. கல் தெறித்துப் பெயின்ட் போவதைத் தடுக்கும், பழைய கீறலை மறைக்கும். பாறைக்கு இது காகிதம். மண்பாதை மட்டும் ஓட்டுபவருக்குப் போதும், ஆனால் என் கதையை மறந்துவிட வேண்டாம்.

பக்கவாட்டுப் படிகள்: உருண்டைக் குழாய், மெல்லிய கைகள், பாடிக்குக் கீழே தொங்கும். ஏறி இறங்க வசதி. குழந்தைகளும் பெரியவர்களும் ஏறுகிற வண்டியில் நான் இதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கவசம் என்று விற்கிறார்கள், அதுதான் தப்பு. பாறையில் மாட்டினால் அந்த மெல்லிய கை மடங்கி, குழாய் மேலே எழும்பி, நேராக ராக்கரிலேயே குத்தும். படி இல்லாமல் இருந்திருந்தால் பாறைதான் அடித்திருக்கும், இப்போது படியே அடிக்கிறது.

பாடியோடு சேர்த்து மாட்டும் கனத் தகடுகள்: 4 முதல் 5 மி.மீ. இரும்புத் தகட்டை எல் வடிவில் மடித்து, பக்கத்தையும் அடியையும் சேர்த்து மூடுவது. பழைய சி.ஜே. ஜீப்களில் இது மிகவும் பிரபலம், காரணம் அந்த ஜீப்பின் ராக்கர் பாகம் கிட்டத்தட்ட நேரான சுவர், தகடு அழகாக உட்காரும். தரை இடைவெளியில் அதிகம் இழக்கமாட்டீர்கள், ஐந்து மி.மீ.தான் போகும். பாறை மேல் வழுக்கிக்கொண்டு போகவும் நல்லது. குறை என்னவென்றால் எடை கடைசியில் பாடிக்குத்தான் போகிறது. லேசாக உரசும் இடங்களுக்குச் சரி, முழு வண்டியும் உட்காரும் இடங்களுக்குப் பற்றாது. அடி மடிப்பை உள்ளே நீட்டி, பாடி புஷ் போல்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி செய்த தகடுகள் கொஞ்சம் பரவாயில்லை.

ராக் ஸ்லைடர்: சேசிஸிலிருந்து கால்கள் நீட்டி, ராக்கருக்குச் சற்றுக் கீழே, பாடியைத் தொடாமல் நிற்கும் கனக் குழாய். வண்டியின் எடை நேராகச் சேசிஸுக்குப் போகிறது, பாடிக்கு ஒன்றும் தெரியாது. உண்மையான பாறை ஓட்டம் ஓட்டுகிறவருக்கு என் பதில் இது மட்டும்தான்.

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, ராக்கரையே அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் கனமான செவ்வகக் குழாயை வைத்து வெல்டு செய்வது. தரை இடைவெளி குறையாது, கூடத்தான் செய்யும். ஏற்கெனவே ராக்கர் முழுக்க அரித்துப்போன வண்டிக்கு இது நல்ல யோசனை. நல்ல ராக்கர் உள்ள பழைய வண்டியில் இதைச் செய்வதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இரும்பா அலுமினியமா என்று கேட்பார்கள். அலுமினியம் எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அந்த ஒரு காரணம் மட்டும் பெரிய காரணம்தான். ஆனால் மிருதுவான உலோகம் பாறையில் கடித்துக்கொள்ளும், வழுக்காது. இரும்பு வழுக்கும். ஸ்லைடரின் வேலையே வழுக்குவது. பட்டறையில் அன்றே வளைத்து, அன்றே வெல்டு செய்து, அடிபட்டால் சுத்தியலால் நிமிர்த்தவும் முடிவது இரும்பு. எனக்கு இதில் இரண்டாவது யோசனை இல்லை.

அளவுகள் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்லைடரின் முக்கியக் குழாய் 100 × 50 மி.மீ. செவ்வகம், சுவர் 5 மி.மீ. என்றால் மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோ. வெளிப்பக்கம் வரும் உருண்டைக் குழாய் 44 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. குட்டை வண்டிக்கு ஒரு பக்கம் 1.4 மீட்டர் நீளம் என்று வைத்தால், கால்கள், தகடுகள் எல்லாம் சேர்த்து ஒரு பக்கமே இருபது கிலோவைத் தாண்டும், ஜோடி ஐம்பதை நெருங்கும். பழைய வண்டியின் ஸ்ப்ரிங்கும் எஞ்சினும் அதைச் சுமக்க வேண்டும், மறக்காதீர்கள். தண்ணீர்க் குழாயை வாங்கி வந்து செய்யாதீர்கள். சுவரும் மெல்லிசு, அதோடு துத்தநாகம் பூசிய குழாயை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும், உண்மையாகவே காய்ச்சல்.

அளவெடுப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏற்றும் சாமான் எடையோடு அளவெடுங்கள். காலியான வண்டியில் எடுத்த அளவு பயணத்தன்று பொய்யாகிவிடும்.

ஸ்லைடர் எவ்வளவு தாழ வரலாம் என்பதற்கு ஒரு கணக்கு. எஃப்.ஜே.40-இன் முன் பின் அச்சு இடைவெளி 2285 மி.மீ. வயிற்றுக்கு அடியில் 300 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒரு மேட்டின் உச்சியை முட்டாமல் தாண்டக்கூடிய கோணம் சுமார் 29 டிகிரி. ஸ்லைடர் 50 மி.மீ. தாழ வந்து அந்த இடைவெளி 250 ஆனால் கோணம் 25 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஐம்பது மி.மீ. என்பது கட்டைவிரல் நீளம்கூட இல்லை, ஆனால் ஏறக்குறைய ஐந்து டிகிரி போயிற்று. ஆகவே ஸ்லைடரை எவ்வளவு மேலே தள்ள முடியுமோ தள்ளுங்கள், ஒரே நிபந்தனை: பாடியைத் தொடக்கூடாது. ஸ்லைடருக்கும் ராக்கருக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், ரப்பர் புஷ் நசுங்கும், ஸ்லைடரும் கொஞ்சம் வளையும், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும்போதும் உலோகம் உலோகத்தைத் தொடக்கூடாது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர்க் குழாயை விட்டுச் சேற்றைக் கழுவவும் முடிய வேண்டும்.

நீளத்துக்கு: முன் டயரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஸ்ப்ரிங் நசுங்கிய நிலையிலும் பாருங்கள். டயர் ஸ்லைடரின் முனையை உரசக்கூடாது. முனைகளைச் சரிவாக அறுத்து மூடிவிடுங்கள், திறந்த முனை மண்ணை அள்ளும் கரண்டி.

வெளிப்பக்கம் வரும் குழாய் பாடியைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டு, பத்திலிருந்து பதினைந்து டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். வண்டி மரத்திலோ பாறைச் சுவரிலோ சாயும்போது கதவுக்கு முன்னால் குழாய் முட்டும், வண்டியை வெளியே தள்ளும். அதற்காக ஒரு முழம் நீட்டாதீர்கள், சேற்றில் அதே குழாய் கால்சட்டையை நாசமாக்கும்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள், ஆனால் இவற்றை மறந்துதான் பாதிப் பேர் திரும்பக் கழற்றுகிறார்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா? பக்கவாட்டில் வரும் சைலன்சர் குழாய் ஸ்லைடரைத் தொடுகிறதா? பாடி புஷ் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகிறதா? பெட்ரோல் டாங்கின் வடிகால் மூடி மறைகிறதா? சேசிஸின் உள்பக்கம் பிரேக் குழாயும் வயரும் எந்த இடத்தில் ஓடுகின்றன? கடைசிக் கேள்விக்குச் சாக்பீஸால் சேசிஸின் வெளிப்பக்கமே கோடு போட்டுவிடுங்கள். டிரில் மறுபக்கம் வெளியே வரும்போது அங்கே பிரேக் குழாய் இருப்பதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் இல்லை.

போல்ட்டா வெல்டிங்கா

வெல்டிங் உறுதியானது, தளராது. போல்ட் கழற்றக்கூடியது, அடிபட்டால் மாற்றலாம், ஒருநாள் வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால் ஆக்கலாம். வண்டி அபூர்வமானது, அசல் நிலையில் இருக்கிறது என்றால் நான் போல்ட்தான் சொல்வேன், முடிந்தால் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளிலேயே. வண்டி ஏற்கெனவே பத்துப் பேர் கைபட்டு மாறிப்போனது என்றால் வெல்டிங் போடுங்கள், நிம்மதி.

போல்ட் வழியில் முக்கியமான விஷயம், பெட்டி வடிவச் சேசிஸை அப்படியே துளைத்துப் போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிக்கொண்டே இருப்பதால் போல்ட் எப்போதும் இறுகாது. உள்ளே ஒரு குழாய்த் துண்டு, சேசிஸின் அகலத்துக்கு ஒரு நூல்கூடக் குறையாமல் அறுத்தது, வைத்து அதன் வழியாகப் போல்ட்டை விடுங்கள். ஒரு பக்க ஓட்டையைப் பெரிதாகப் போட்டு அந்தத் துண்டை உள்ளே தள்ளி விளிம்பில் வெல்டு வைப்பது வழக்கம். ஒரு பக்கம் திறந்த, ஆங்கில 'C' வடிவச் சேசிஸ் (சி-சேனல்) என்றால் இந்தத் தலைவலி இல்லை, உள்பக்கம் 6 மி.மீ. தகடு ஒன்றை வைத்து இறுக்கினால் போதும். ஓட்டையைச் சேசிஸின் செங்குத்துச் சுவரில் நடு உயரத்தில் போடுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் வளைவை அதிகம் தாங்குகின்றன, அங்கே ஓட்டை போடவே கூடாது. போல்ட் எம்12 அளவு, அதாவது 12 மி.மீ. விட்டம், வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9, நைலான் வைத்த நட். 8.8 தர எம்12 போல்ட்டைச் சுமார் 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கலாம். போட்ட ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் அரத்தால் தேய்த்துப் பிரைமர் தடவிய பிறகுதான் போல்ட்.

யூ-போல்ட்டால் சேசிஸைச் சுற்றிக் கவ்வும் வகையும் உண்டு. ஓட்டையே வேண்டாம் என்பவருக்கு நல்லது. ஆனால் பக்கவாட்டில் பெரிய அடி விழுந்தால் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். அடிக்கடி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெல்டிங் வழியில் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்ரோல் டாங்க் எங்கே என்று பாருங்கள். பழைய வண்டிகளில் இது விளையாட்டில்லை. சி.ஜே.2ஏ மாதிரியான பழைய ஜீப்களில் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். சீரிஸ் லேண்ட் ரோவரிலும் முன் இருக்கைக்கு அடியில்தான். பழைய எஃப்.ஜே.40-இல் பக்கத்து இருக்கைக்கு அடியில், வண்டிக்குள்ளேயே. அதாவது நீங்கள் தீப்பொறி பறக்க வைக்கும் இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில். டாங்க்கைக் கழற்றி வெளியே வையுங்கள். காலி டாங்க்தானே என்று விட்டுவிடாதீர்கள், பெட்ரோல் நிறைந்த டாங்க்கைவிட ஆவி மட்டும் நிறைந்த காலி டாங்க்தான் வெடிக்கும். பாட்டரியைக் கழற்றுங்கள். தரைவிரிப்பை எடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள், குளோரின் கலந்த வகை சூட்டில் கொடிய விஷவாயுவாக மாறும். தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும், கூட ஒருவர் நின்று பார்க்கட்டும். முகமூடிக்குள் இருக்கும் உங்களுக்கு முதுகுப்பக்கம் எரிவது தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். பழைய சேசிஸின் சுவர் பெரும்பாலும் மூன்று மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். அதில் காலை நேரடியாக வெல்டு செய்தால், பெரிய அடியில் கால் சேசிஸைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் முதலில் 100 × 150 மி.மீ. அளவில், 5 மி.மீ. தகட்டைச் சேசிஸின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும், மூலைகளை உருட்டிவிட்டு. தகட்டின் மேல் கீழ் விளிம்புகளில் நீளவாக்கில் வெல்டு போடுங்கள். சேசிஸின் குறுக்கே, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்டு போட்டால் பின்னால் விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். காலை அந்தத் தகட்டின் மேல் வையுங்கள். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று கால். நீளமான வண்டி என்றால் நான்கு.

வெல்டு செய்யும் முன் ஸ்லைடரை அந்த இடத்தில் நிறுத்துவதுதான் பாதி வேலை. இருபது கிலோவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளவு பார்க்க முடியாது. ஜாக்கி மேல் ஒரு மரப்பலகை, அதன் மேல் ஸ்லைடர். ராக்கருக்கும் ஸ்லைடருக்கும் இடையே 25 மி.மீ. மரக்கட்டைகளை மூன்று இடத்தில் செருகிவிட்டு, கட்டைகள் லேசாகப் பிடிக்கும் வரை ஜாக்கியை ஏற்றுங்கள். இப்போது இடைவெளி தானாகச் சரியாகிவிட்டது. ரசமட்டத்தை நம்பி ஸ்லைடரை வைக்காதீர்கள், பழைய வண்டியின் பாடி தரைக்கு மட்டமாக இருக்காது. ஸ்லைடர் தரைக்கு மட்டமாகவும் கதவுக் கோட்டுக்குக் கோணலாகவும் இருந்தால் ஆயுளுக்கும் கண்ணை உறுத்தும். கதவின் கீழ் விளிம்புக் கோட்டைப் பார்த்து வையுங்கள்.

எல்லாக் காலுக்கும் டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு மட்டும், அடியுங்கள். பத்து அடி தள்ளிப் போய் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். மறுபக்கத்தையும் டேக் அடித்த பிறகு, இரண்டும் ஒரே உயரமா என்று முன்னாலிருந்து குனிந்து பாருங்கள். திருப்தி என்றால் முழு வெல்டு, ஒரே இடத்தில் தொடர்ந்து போடாமல் முன் கால், பின் கால், நடுக் கால் என்று மாற்றி மாற்றி, இடையில் ஆற விட்டு. ஒரே மூச்சில் போட்டால் சூட்டில் இழுத்து ஸ்லைடர் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

கனத் தகட்டைப் பாடியோடு மாட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ராக்கரின் உள்பக்கம் சாதாரண வாஷர் போதாது, நீளமான பட்டைத் தகட்டை வைத்து நான்கைந்து போல்ட்டை ஒரே பட்டையில் பிடியுங்கள். வெளியே போல்ட் தலை தகட்டுக்குள் பதிந்து உட்காரும் வகையாக இருக்கட்டும், நீட்டிக்கொண்டிருக்கும் தலையைப் பாறை சீவிவிடும். தகட்டின் இரண்டு பக்கமும் பெயின்ட். ராக்கரின் வடிகால் ஓட்டைக்கு நேராகத் தகட்டிலும் ஓட்டை. மேல் விளிம்பில் சீலன்ட், கீழ் விளிம்பில் கூடாது, மேலே தண்ணீர் நுழையக்கூடாது, கீழே வெளியேற வேண்டும். அலுமினியம்தான் என்று பிடிவாதமாக இருந்தால் இடையில் ரப்பர் பட்டையும் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் போடுங்கள்.

பெயின்ட், சோதனை, பிறகு

பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் ஸ்லைடர் கீறல் வாங்கத்தான் இருக்கிறது. கீறல் வழியாகத் தண்ணீர் பவுடர் கோட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்த் துருவைப் பரப்பும், மேலே தோல் அப்படியே இருக்கும், ஒருநாள் தட்டினால் ஓடு மாதிரி கழன்று வரும். நான் துத்தநாகம் கலந்த பிரைமரும் சாதாரண கறுப்புப் பெயின்ட்டும்தான் அடிக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு டப்பாவை எடுத்து ஒரு அடி அடித்தால் ஐந்து நிமிட வேலை. ராக்கரின் உள்ளேயும், வெல்டு செய்த இடத்துக்குப் பின்னால் சேசிஸின் உள்ளேயும், மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்சிவிடுங்கள். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயின்ட் எரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாததால் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

சோதனைக்குப் பாறை வேண்டாம். ஸ்லைடரின் நடுவில் ஜாக்கியை வைத்து, ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் வரை மெதுவாகத் தூக்குங்கள். அடியில் யாரும் போகக்கூடாது. இப்போது மூன்றைப் பாருங்கள்: ராக்கருக்கும் ஸ்லைடருக்கும் நடுவே விரல் இன்னும் நுழைகிறதா, கதவு எப்போதும் போலச் சாத்துகிறதா, காலுக்கும் சேசிஸுக்கும் இடையே எங்காவது பெயின்ட் கோடு விட்டிருக்கிறதா. பெயின்ட்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் அங்கே உலோகம் அசைகிறது என்று அர்த்தம், இறக்கிவிட்டு வெல்டைப் பாருங்கள்.

போல்ட் போட்டவர்கள் முதல் பயணம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள், பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இது இயல்பு. இறுக்கிய பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்பேனரே வேண்டாம், அடியில் படுத்து டார்ச் அடித்தால் கோடு எங்கே உடைந்திருக்கிறதோ அந்த நட்டை மட்டும் இறுக்கினால் போதும்.